ட்ரூமன் ட்ரூமனா ஆகறதுக்கு முன்னாடி

0/4. இந்த ஸ்கோர்போர்டு போட்டோவப் பாக்காத கிரிக்கெட் பைத்தியம் நம்ம ஊர்ல கம்மிதான். லீட்ஸ்ல ஹெடிங்லி கிரவுண்டு, 1952 ஜூன், இந்தியாவோட செகண்ட் இன்னிங்ஸ். ரன்னு இருக்க வேண்டிய இடத்துல முட்டை, விக்கெட்டு இருக்க வேண்டிய இடத்துல நாலு. மொத்தமே 14 பால்தான் போட்டிருந்தாங்க. அந்த நாலுல மூணு எடுத்தது ஃப்ரெட் ட்ரூமன்னு ஒரு 21 வயசு யார்க்ஷயர் பையன், அவனுக்கு அதுதான் மொத டெஸ்ட்.

இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, நம்மாளுங்க வெட்கத்தோட சொல்ற கதை, இங்கிலாந்துக்காரன் இன்னும் நெஞ்ச நிமித்திச் சொல்ற கதை. ஆனா எனக்கு இதுல பிடிச்ச பகுதி அந்த 14 பால் இல்ல. 1949-லேர்ந்து 1951 வரைக்கும் அதே பையன் கவுண்டி டீமுக்கு (நம்ம ரஞ்சி டீம் மாதிரி, அங்க மாவட்டத்துக்கு ஒண்ணு) உள்ள வந்து வெளிய போயி திரும்ப உள்ள வந்து, ஒரு மேட்ச்ல எட்டு விக்கெட்டு எடுத்துட்டு இன்னொரு மேட்ச்ல வாங்கிக் கட்டிக்கிட்டு இருந்தானே, அந்த மூணு வருஷம்தான். ட்ரூமன்னு சொன்னாலே ஏதோ பொறக்கும்போதே ஃபாஸ்ட் பவுலரா பொறந்த மாதிரி எல்லாரும் எழுதறாங்க, அவரும் வயசான காலத்துல அப்படித்தான் பேசிக்கிட்டு திரிஞ்சாரு. ஸ்பீடு வேணா கூடவே பொறந்திருக்கலாம், ஒத்துக்கறேன். பவுலிங்கு அப்படி இல்ல, அத ஒரு கவுண்டி உக்காந்து செஞ்சது.

பொறந்தது 1931 பிப்ரவரி 6, யார்க்ஷயர்ல ஸ்டெயின்டன்னு ஒரு கிராமம், மால்ட்பி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்துல ஸ்காட்ச் ஸ்பிரிங்ஸ்னு வரிசையா நாலு செவுரு வீடுங்க, அதுல ஒண்ணு. ஏழு பிள்ளைங்கள்ல நாலாவது. பொறக்கும்போது எடை 14 பவுண்டு 1 அவுன்ஸாம், அதாவது ஆறு கிலோவத் தாண்டி! பாட்டிதான் பிரசவம் பாத்தாங்க, அவங்களோட கல்யாணத்துக்கு முந்தின குடும்பப் பேரு சீவர்ட்ஸ், அதையே பேரனுக்கு நடுப்பேரா வெச்சுட்டாங்க, அதனாலதான் அவரு எஃப். எஸ். ட்ரூமன். அப்பா சுரங்கத் தொழிலாளி, உள்ள இறங்கி நிலக்கரி வெட்டறவரு, வார இறுதில லோக்கல் கிளப்ல பவுலிங் போடறவரு. பையனுக்கு மொத கோச்சு அவருதான்.

12 வயசு இருக்கும்போது ஸ்கூல் மேட்ச்ல கார்டு எதுவும் போடாம பேட்டிங் பண்ணிக்கிட்டு இருந்தப்ப பந்து அடிவயித்துக்குக் கீழ பலமா பட்டிருக்கு. சின்ன அடி இல்ல, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கிரிக்கெட்டே கிடையாது. பேட்ஸ்மேன பயமுறுத்தியே பேரு வாங்கின ஆளு சின்ன வயசுல பந்தடி பட்டு ரெண்டு வருஷம் வீட்ல உக்காந்தவருங்கறது பாதிப் பேருக்குத் தெரியாது.

ஸ்கூல விட்டுட்டு கிடைச்ச வேலைக்கெல்லாம் போயிக்கிட்டே லோக்கல் கிளப்புல ஆடி, அங்கேர்ந்து ஷெஃபீல்டு யுனைடெட் கிளப்புக்குப் போனாரு. பேரப் பாத்து ஃபுட்பால் டீம்னு நினைக்காதீங்க, அதே பேர்ல கிரிக்கெட் கிளப்பும் இருந்துச்சு, ரெண்டுக்கும் ஒரே கிரவுண்டு, பிராமல் லேன். அங்க சிரில் டர்னர்னு பழைய யார்க்ஷயர் ஆட்டக்காரரு கோச்சா இருந்தாரு. அவரு கண்ணுல பட்டது அப்படியே மேல போயி, குளிர்காலத்துல ஹெடிங்லில நடக்கற இன்டோர் நெட்ஸுக்குக் கூப்பிட்டு விட்டாங்க.

இந்த இன்டோர் நெட்ஸ் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா ட்ரூமன் கதைல முக்கால்வாசி அங்கதான் இருக்குன்னு நான் நினைக்கறேன். வெளிய பனி, உள்ள ஒரு ஷெட்டு, கோச்சு ரெண்டு பேரு. ஒருத்தர் ஆர்தர் மிட்செல், சிரிப்புங்கறத செலவு பண்ணாத ஆளு. இன்னொருத்தர் பில் பவுஸ். மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு ஃபாஸ்ட் பவுலிங் போட்டவரு, உடம்பப் பாத்தே பந்து போட்ட அந்த 1932-33 பாடிலைன் டூர்ல ஆஸ்திரேலியாவோட பிராட்மன மொத பால்லயே போல்டு எடுத்தவரு. அவரு கிட்ட ஒரு 17, 18 வயசுப் பையன் வந்து நின்னு, ஓடி வந்து, முழு பலத்தையும் போட்டு எறியறான். பந்து எங்க போகுதுன்னு அவனுக்கே தெரியாது. இந்த இடத்துல நம்ம ஊரு கோச்சா இருந்திருந்தா, ரன்னப்ப குறைடா, ஸ்பீட குறைடா, மொதல்ல லைன்ல போடுடான்னுதான் ஆரம்பிச்சிருப்பாங்க. நான் லீக்ல அஞ்சாவது டிவிஷன்ல புது பந்து போட்ட காலத்துல எனக்கு அதைத்தான் சொன்னாங்க, அதக் கேட்டு கேட்டே மீடியம் பேஸ் ஆகி, அப்புறம் அதுவும் இல்லாம போச்சு. பவுஸ் அந்த ஆக்ஷன்ல கைய வெக்கல. அது ஏற்கனவே அழகா இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. மத்ததத்தான் சரி பண்ணாங்க.

அந்த ஆக்ஷன பழைய நியூஸ்ரீல்ல பாத்தீங்கன்னா புரியும். கொஞ்சம் வளைஞ்சு வர நீளமான ஓட்டம், ஆரம்பத்துல மெதுவா, கடைசி ஏழெட்டு அடில வேகம் கூடும். கருப்பு முடி நெத்தில விழுந்து ஆடும், ரோல் பண்ணி விட்ட கைச்சட்டை அவுந்து தொங்கும், திரும்பி நடக்கும்போது அத மறுபடி சுருட்டிக்கிட்டே போவாரு. கிரீஸ்ல எகிறினதும் உடம்பு மொத்தமா பக்கவாட்டுல திரும்பிடும், இடது தோள் பேட்ஸ்மேனப் பாத்து நிக்கும், இடது கைக்கு மேல வழியா பேட்ஸ்மேன ஒரு பார்வை. அப்புறம் வலது கால இழுத்துக்கிட்டே போயி பந்த விடுவாரு. அந்தக் காலத்து நோ பால் ரூலு பின்னங்கால வெச்சுத்தான், முன்னங்கால் இல்ல. அதனால பின்னங்கால கிரீஸுக்குப் பின்னாடி ஊனி அப்படியே தரையோட தரையா இழுத்துக்கிட்டு முன்னாடி போயிடலாம். இப்படி இழுக்கறவங்களுக்கு வலது ஷூவோட முனை தேஞ்சு ஓட்டையாயிடும்னு அங்க ஒரு தகடு அடிச்சுக்குவாங்க. இந்தப் பக்கவாட்டு ஆக்ஷன்ல இருந்துதான் அவரோட அவுட்ஸ்விங்கர் வந்துச்சு, கடைசி நேரத்துல விலகற பந்து. மிடில் ஸ்டம்புக்கு வருதுன்னு பேட்ட கொண்டு போனா வெளி எட்ஜ்ல பட்டு ஸ்லிப்புக்குப் போயிடும். ஸ்பீடு நிறைய பேருக்கு இருக்கு. ஸ்பீடோட சேந்து லேட்டா விலகறது ரொம்ப கொஞ்சப் பேருக்குத்தான்.

1949 மே 11, கேம்பிரிட்ஜ்ல ஃபென்னர்ஸ் கிரவுண்டு, யுனிவர்சிட்டி டீமுக்கு எதிரா யார்க்ஷயர் சார்பா மொத மேட்ச். வயசு 18. அதே மேட்ச்ல இன்னும் ரெண்டு புதுப் பசங்க, ஃப்ராங்க் லோசனும் பிரையன் குளோஸும். இங்கதான் அந்த காமெடி. விஸ்டன்ல இந்த மூணு பேரையும் அறிமுகப்படுத்தி எழுதும்போது ட்ரூமன ஸ்பின் பவுலர்னு போட்டுட்டாங்க! இங்கிலாந்து கிரிக்கெட்டோட வேதபுத்தகம்னு சொல்றோம், அதுல ட்ரூமன் ஸ்பின்னரு. நிருபர் அந்தப் பக்கம் எட்டியே பாக்கலன்னுதான் நினைக்கறேன்.

மூணு பேருல யாரு முன்னாடி போனான்னா குளோஸ்தான். அதே வருஷம், அதே சீசன், 18 வயசுல நியூசிலாந்துக்கு எதிரா இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடிட்டாரு. அவ்வளவு சின்ன வயசுல இங்கிலாந்துக்கு அதுவரைக்கும் யாரும் ஆடினது கிடையாது. மொத சீசன்லயே ஆயிரம் ரன்னு, நூறு விக்கெட்டு. ட்ரூமனுக்கு? அந்த சீசன்ல லார்ட்ஸ்ல மைனர் கவுண்டீஸ், அதாவது சின்ன கவுண்டிங்க சேந்த டீமுக்கு எதிரா 70 ரன் கொடுத்து 8 விக்கெட்டு எடுத்தாரு, அது ஒண்ணுதான் கண்ணுல நிக்கற மாதிரி. மத்தபடி ஒரு மேட்ச் உள்ள, அடுத்தது வெளிய, செகண்ட் லெவனுக்குப் போ, வா. 1950-ல இன்னும் மோசம், விக்கெட்டு ஒவ்வொண்ணுக்கும் ரன்ன அள்ளிக் கொடுத்தாரு.

ஆனா அவர மறந்துட்டாங்கன்னும் சொல்ல முடியாது. 1950 மே மாசக் கடைசில பிராட்ஃபோர்டுல ஒரு டெஸ்ட் ட்ரயல் நடந்துச்சு, ஒரு பக்கம் இங்கிலாந்து, இன்னொரு பக்கம் மத்தவங்க எல்லாரும் சேந்த டீம். ஒண்ணும் பெருசா சாதிக்காத ட்ரூமன அந்த ரெண்டாவது டீம்ல எடுத்தாங்க. ஈரமான பிட்ச், ஜிம் லேக்கர் ஸ்பின் போட வந்தாரு, 14 ஓவர் போட்டு 2 ரன் கொடுத்து 8 விக்கெட்டு. எட்டு ரன்னுக்கு ரெண்டு விக்கெட்டு இல்லைங்க, ரெண்டு ரன்னுக்கு எட்டு விக்கெட்டு. மொத்த டீமும் 27-க்கு ஆல் அவுட். அந்த ரெண்டு ரன்னுல ஒரு ரன் நம்ம ட்ரூமன் அடிச்சது. கேரியர் முழுக்க 2304 ஃபர்ஸ்ட் கிளாஸ் விக்கெட்டு எடுத்த ஆளு, அந்த மேட்ச்ல மட்டும் ஒரு சிங்கிள வெச்சு சரித்திரத்துல இடம் பிடிச்சுட்டாரு.

யார்க்ஷயர் டீம் எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சாதான் இந்த மூணு வருஷம் எவ்வளவு கஷ்டம்னு புரியும். அந்தக் காலத்துல யார்க்ஷயர் எல்லைக்குள்ள பொறந்திருந்தாதான் சேத்துப்பாங்க, அது எழுதாத சட்டம். உள்ள ஆளெடுக்கறதுக்குப் பஞ்சமே இல்லாத ஊரு. ஹட்டன், யார்ட்லி, வார்டில்னு பெரிய பெரிய ஆளுங்க, சின்னப் பையனத் தட்டிக் கொடுத்து வளக்கற வழக்கமெல்லாம் அந்த டிரஸ்ஸிங் ரூம்ல கிடையாது. கவுண்டி கேப்பு, அதாவது டீமோட தொப்பின்னு ஒண்ணு, அப்ப அது கிடைக்கற வரைக்கும் நீ தினக்கூலி, ஆடின மேட்சுக்கு மட்டும் காசு. கேப்பு கைக்கு வந்தாதான் வேலை பர்மனன்ட் ஆன மாதிரி. அதுவரைக்கும் குளிர்காலத்துல வேற பொழப்பு பாக்கணும். ட்ரூமன் பாத்தது மால்ட்பி சுரங்கத்துல.

அப்புறம் அந்தக் காலத்து இங்கிலாந்து கிரிக்கெட்டுல அமெச்சூர், புரொஃபஷனல்னு ரெண்டு ஜாதி. காசு வாங்காம ஆடற பெரிய வீட்டுப் பிள்ளைங்க அமெச்சூரு, சம்பளத்துக்கு ஆடறவங்க புரொஃபஷனலு. பல கிரவுண்டுல தனித்தனி டிரஸ்ஸிங் ரூமு, மைதானத்துக்குள்ள வரதுக்குக்கூட தனித்தனி கேட்டு. ஸ்கோர்கார்டுல அமெச்சூருக்கு இனிஷியல் முன்னாடி, புரொஃபஷனலுக்கு பின்னாடி. பேரப் படிக்கும்போதே யாரு எந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சுடும். ஜாதி பாக்கறதுல நம்ம ஊர யாரும் அடிச்சுக்க முடியாதுன்னு நினைச்சிருந்தேன், இனிஷியல வெச்சே பிரிச்சிருக்கானுங்க. 1962 சீசன் முடிஞ்ச அப்புறம்தான் இத எடுத்தாங்க. சுரங்கத்துக்காரரு மகன், வாய் சும்மா இருக்காது, மனசுல பட்டத முகத்துக்கு நேரா கேட்டுடுவாரு, இப்படி ஒரு பையன் இந்த செட்டப்புல எப்படி குப்ப கொட்டியிருப்பான்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

1951-லதான் வண்டி கிளம்புச்சு. முந்தின சீசனோட அலெக் காக்ஸன்ங்கற புது பந்து பவுலர யார்க்ஷயர் அனுப்பிடுச்சு, இடம் காலியாச்சு. நாட்டிங்ஹாம்ஷயர் மாட்டினா இவருக்கு ஒரு தனி குஷி போல, அந்த வருஷம் அவங்க ஊரு டிரென்ட் பிரிட்ஜ்லயே போயி ஹாட்ரிக் எடுத்தாரு. கேரியர்ல மொத்தம் நாலு ஹாட்ரிக், அதுல மூணு நாட்டிங்ஹாம்ஷயர் தலைல. பாவம் அவங்க என்ன பண்ணாங்களோ. சீசன்ல 90 விக்கெட்டு. ஆகஸ்ட்ல கேப்ப கையில கொடுத்தாங்க. மே 1949-ல மொத மேட்ச், ஆகஸ்ட் 1951-ல கேப்பு. மூணு சீசன் முழுசா.

அதே சீசன்ல அதே டீம்ல இன்னொரு ஆளு வந்தாரு, பாப் அப்பிள்யார்ட். 27 வயசு, மொத முழு சீசன், அதுலயே 200 விக்கெட்டு! நூறு விக்கெட்டு எடுத்தாலே பெரிய விஷயமா பேசற ஊர்ல இருநூறு. ஸ்விங்கும் போடுவாரு, ஆஃப் கட்டரும் போடுவாரு, ஸ்பின்னும் போடுவாரு. 90 எடுத்த ட்ரூமன அந்த வருஷம் யாரு கண்டுக்கப் போறா? அடுத்த வருஷமே அப்பிள்யார்டுக்கு காசநோய்னு தெரிய வந்து, நுரையீரல்ல ஒரு பகுதியையே வெட்டி எடுக்க வேண்டியதாயிடுச்சு. அது தனிக் கதை, அப்புறம் வரேன்.

ட்ரூமனுக்கு கேப்பு வந்த கையோட ராணுவ சேவைக்கு ஆர்டரும் வந்துச்சு. அப்ப அங்க பசங்க எல்லாருக்கும் ரெண்டு வருஷம் கட்டாய சேவை. இவர விமானப்படைல போட்டு, லிங்கன்ஷயர்ல ஹெம்ஸ்வெல் முகாமுக்கு அனுப்பினாங்க. அங்க இருந்தப்ப லிங்கன் சிட்டி ஃபுட்பால் கிளப்போட ரிசர்வ் டீம்ல சென்டர் ஃபார்வர்டா வேற ஆடியிருக்காரு. ஆளு அப்ப எவ்வளவு பலமா இருந்திருப்பாருன்னு பாருங்க. அந்த முகாம் சாப்பாடும் டிரில்லும்தான் உடம்ப ஏத்தி விட்டுச்சுன்னு நான் நம்பறேன், 1951-ல இல்லாத ஒரு கனம் 1952 போட்டோல தோள்பட்டைல தெரியுது.

இப்ப கொஞ்சம் மெட்ராஸுக்கு வாங்க. 1952 பிப்ரவரி 6, சேப்பாக்கத்துல இந்தியா இங்கிலாந்து டெஸ்ட் ஆரம்பம். அன்னிக்குத்தான் ட்ரூமனுக்கு 21 வயசு முடியுது, அன்னிக்குத்தான் இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜ் செத்துப் போனாரு, அதனால அடுத்த நாளையே ரெஸ்ட் டேவா மாத்திட்டாங்க. வினூ மன்கட் மொத இன்னிங்ஸ்ல 55 ரன்னுக்கு 8 விக்கெட்டு, பங்கஜ் ராய் 111, பாலி உம்ரிகர் 130 நாட் அவுட், நம்ம மெட்ராஸ்காரர் சி. டி. கோபிநாத் 35. இன்னிங்ஸ் வெற்றி, இந்தியாவோட மொத டெஸ்ட் வெற்றியே இதுதான். ஊரே தலைகால் புரியாம ஆடியிருக்கும். ஆனா வந்திருந்த இங்கிலாந்து டீம்ல ஹட்டன் இல்ல, பெட்சர் இல்ல, காம்ப்டன் இல்ல. முக்கியமா ட்ரூமன் அளவுக்கு ஸ்பீடு போட யாருமே இல்ல.

நாலு மாசம் கழிச்சு அந்த டீம்ல பாதிப் பேரு லீட்ஸ்ல. முக்கியமா மன்கட் இல்ல, போர்டு அவருக்கு ஒரு உறுதியும் கொடுக்காததால ஹேஸ்லிங்டன்னு ஒரு லங்காஷயர் லீக் கிளப்புல ஒப்பந்தம் போட்டுட்டாரு, ரெண்டாவது டெஸ்டுலதான் வந்து சேந்தாரு. இங்கிலாந்து பக்கம் இன்னொரு புதுசு. லென் ஹட்டன் கேப்டன், அந்த நூற்றாண்டுல இங்கிலாந்துக்கு கேப்டனான மொத புரொஃபஷனல் அவருதான். முகாம்லேர்ந்து லீவு வாங்கிட்டு வந்த பையன் கையில பந்தக் கொடுத்தாரு.

எல்லாரும் விட்டுடற விஷயம் ஒண்ணு. மொத இன்னிங்ஸ்ல நம்மாளுங்க ட்ரூமன நல்லாத்தான் ஆடினாங்க. 42-க்கு மூணு விக்கெட்டு போன அப்புறம் ஹசாரேவும் 20 வயசு விஜய் மஞ்ச்ரேக்கரும் சேந்து 222 ரன்னு. மஞ்ச்ரேக்கர் 133. ட்ரூமனுக்கு 89 ரன்னுக்கு 3 விக்கெட்டு, அதுல ஒண்ணு கோபிநாத், டக். ஆக பையன் ஒண்ணும் வந்ததும் எல்லாரையும் எரிச்சுடல. சனிக்கிழமை ரெண்டாவது இன்னிங்ஸ்லதான் அது நடந்துச்சு. ராய் ஸ்லிப்புல காம்ப்டன் கைல கேட்ச், ஜீரோ. கெய்க்வாட்ட அந்தப் பக்கம் பெட்சர் எடுத்தாரு, ஜீரோ. மாதவ் மந்திரி, கவாஸ்கரோட மாமா, போல்டு, ஜீரோ. மொத இன்னிங்ஸ்ல சென்சுரி அடிச்ச மஞ்ச்ரேக்கர் மொத பால்லயே போல்டு, ஜீரோ. ஹாட்ரிக் பால ஹசாரே எப்படியோ தாக்குப்பிடிச்சாரு. அவரும் பட்கரும் 105 ரன் சேத்து மானத்தக் காப்பாத்தினாங்க, 165 ஆல் அவுட், மேட்ச் போச்சு.

ஜூலைல மான்செஸ்டர்ல இன்னும் கொடுமை. 8.4 ஓவர், 31 ரன், 8 விக்கெட்டு. நாங்க 58-க்கு ஆல் அவுட், அதே நாள்ல மறுபடி ஆடி 82-க்கு ஆல் அவுட். ஸ்லிப், கல்லி, ஷார்ட் லெக்குன்னு ஃபீல்டர்ஸ் மொத்தப் பேரும் பேட்ஸ்மேனச் சுத்தி வளைச்சு நிக்கற ஒரு போட்டோ இருக்கு, அதப் பாத்தாலே நமக்கு மூச்சு முட்டும். சீரிஸ்ல ட்ரூமனுக்கு 29 விக்கெட்டு, ஒவ்வொண்ணும் 13 ரன்னுக்கு. சேப்பாக்கத்துல 111 அடிச்ச ராய்க்கு ஏழு இன்னிங்ஸ்ல அஞ்சு டக்கு. 130 அடிச்ச உம்ரிகர் ஏழு இன்னிங்ஸ்ல சேத்து 43 ரன்னு, ஆனா அதே டூர்ல கவுண்டி மேட்சுங்கள்ல ரன்னா குவிச்சவரு அவரு. லெக் சைடு ஒதுங்கி ஒதுங்கி அம்பயர் பக்கத்துக்கே போயிட்டாருன்னு இன்னிக்கு வரைக்கும் கிண்டல் பண்றாங்க, எனக்கு அது பிடிக்கறதில்ல. 1930-கள்ல நமக்குப் புது பந்து போட்ட நிசாரும் அமர் சிங்கும் போனதுக்கப்புறம் நம்ம ஊர்ல அந்த வேகத்த நெட்ஸ்ல போடக்கூட ஆளு இல்ல, ஹெல்மெட்டு இல்ல, தை பேடு ஒழுங்கா கிடையாது. அதே உம்ரிகர் அப்புறம் வெஸ்ட் இண்டீஸ் போயி அவங்க ஃபாஸ்ட் பவுலர் வெஸ்லி ஹால ஆடி சென்சுரி அடிச்சாரு.

சரி, 29 விக்கெட்டு எடுத்தாச்சு, விஸ்டன் அந்த வருஷத்து அஞ்சு பேருல ஒருத்தரா போட்டு கவுரவப்படுத்தியாச்சு, இனி இங்கிலாந்து டீம்ல நிரந்தர இடம்தானேன்னு நினைப்பீங்க. 1953 ஆஷஸ்ல, அதாவது ஆஸ்திரேலியாவோட ஆடற சீரிஸ்ல, மொத நாலு டெஸ்டுல எடுக்கவே இல்ல. கடைசியா ஓவல்ல எடுத்தாங்க, மொத இன்னிங்ஸ்ல 4 விக்கெட்டு, 19 வருஷம் கழிச்சு ஆஷஸ் திரும்ப வந்துச்சு. அந்தக் குளிர்காலம் ஹட்டன் கேப்டனா வெஸ்ட் இண்டீஸ் டூரு. அங்க பவுன்சர் போட்டு உள்ளூர் ஆளுங்கள அடிச்சு சனங்க வெறுப்ப சம்பாதிச்சாரு, அது அவரு தப்பும்தான், இல்லன்னு சொல்லல. ஆனா டீம்ல யாரு எங்க என்ன வம்பு பண்ணாலும் பழி வந்து விழுந்தது இவரு தலைல. ஹோட்டல் லிஃப்ட்ல ரெண்டு அம்மாங்ககிட்ட மரியாதையில்லாம நடந்துக்கிட்டதா ஒரு புகாரு, அது நான் இல்லன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஊரு திரும்பினதும் நன்னடத்தை போனஸ் கட்டு. மூணு டெஸ்டுல 9 விக்கெட்டு, அதையும் சேத்து கணக்குல வெச்சுக்கிட்டாங்க.

1954-ல யார்க்ஷயருக்காகத் திரும்ப வந்து வெறியோட போட்டிருக்காரு, சீசன்ல 134 விக்கெட்டு, ஒவ்வொண்ணும் 15 சொச்சம் ரன்னுக்கு. செலக்டருங்களுக்கு வேற என்னதான் வேணும்? அந்த வருஷம் பாகிஸ்தானுக்கு எதிரா ஒரு டெஸ்ட் கூட கொடுக்கல, குளிர்காலத்து ஆஸ்திரேலியா டூருக்கும் பேரு இல்ல. ஃப்ராங்க் டைசன் போனாரு, ஸ்டேதம் போனாரு, டைசன் 28 விக்கெட்டு எடுத்து ஆஷஸ வாங்கிக் கொடுத்தாரு, அதனால செலக்டருங்க பண்ணது சரின்னு ஆயிடுச்சு. அத நான் முழுசா மறுக்க முடியாது, டைசன் அந்த டூர்ல போட்டது வேற லெவல். ஆனா 1952-லேர்ந்து 1956-57 சவுத் ஆப்பிரிக்கா டூர் வரைக்கும் இங்கிலாந்து ஆடினது 40 டெஸ்ட், ட்ரூமன் ஆடினது 11. ஒரு ஃபாஸ்ட் பவுலருக்கு 21-லேர்ந்து 26 வயசு வரைக்கும்தான் உடம்பு முழு பலத்துல இருக்கும், அந்த வயசு மொத்தமும் கவுண்டிக்கே போச்சு. 1957-லேர்ந்துதான் ரெகுலரா எடுத்தாங்க, அப்புறமும் 67 டெஸ்டுல 307 விக்கெட்டு எடுத்து, உலகத்துலயே மொத மொதல்ல 300-அ தொட்டது அவருதான்.

யார்க்ஷயர் அவர மூணு வருஷம் உள்ள வெளியன்னு ஆட்டினதுல எனக்குக் கோவமே வரல, அங்க பவுஸ்னு ஒருத்தர் கூடவே இருந்தாரு, ஒவ்வொரு தடவ வெளிய போயிட்டு வரும்போதும் பவுலிங்ல ஏதோ ஒண்ணு கூடியிருந்துச்சு. லண்டன்ல உக்காந்துக்கிட்டு இருந்தவங்க பண்ணதுலதான் எனக்குக் கடுப்பு. அவங்களுக்கு இவரு பவுலிங் வேணும், பேச்சும் ஊரும் வேணாம்.

அந்த ஆஸ்திரேலியா டூருக்குப் போன யார்க்ஷயர் ஆளுங்கள்ல ஒருத்தர் யாரு தெரியுமா? அப்பிள்யார்ட். நுரையீரல்ல ஒரு பகுதிய எடுத்த அப்புறம், ரெண்டு சீசன் ஆஸ்பத்திரியும் ஓய்வுமா கிடந்துட்டு, 1954-ல திரும்பி வந்து 154 விக்கெட்டு எடுத்து, டூருக்கும் போயி டெஸ்ட் ஆவரேஜ்ல டைசனுக்கும் மேல நின்னவரு. மொத்தமே 708 ஃபர்ஸ்ட் கிளாஸ் விக்கெட்டு, சராசரி 15.48, அதோட உடம்பு விட்டுடுச்சு. அவரப் பத்தி எழுத ஆரம்பிச்சா இது இன்னும் ரெண்டு மடங்கு நீளும், இன்னொரு நாள் எழுதறேன்.